புள்ளிக்கோட்டின் மேல் ஒரு கேட்

கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 1964, பிரிவு 67. பிறருக்குச் சொந்தமல்லாத பொதுச் சாலைகள், தெருக்கள், சந்துகள், பாதைகள் யாவும் மாநில அரசின் சொத்து. பாதைகள் என்ற சொல் அதில் தனியாகவே இருக்கிறது, யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. கிராம நகாஷெயில், அதாவது சர்வே வரைபடத்தில், வண்டி போகும் வழிக்கு இரட்டைப் புள்ளிக்கோடு, ஆள் நடக்கும் வழிக்கு ஒற்றைப் புள்ளிக்கோடு. அந்தக் கோடு யாருடைய நிலத்துக்குள் புகுந்து போனாலும் அதன் குறுக்கே வேலி போடக்கூடாது, கேட் வைக்கக்கூடாது. இதைத் தெரிந்துகொள்ள வக்கீல் தேவையில்லை. என்னைப்போல் முப்பத்துநான்கு வருடம் அரசாங்கக் கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் போதும்.

கேட் வைத்துவிட்டார்கள்.

பெங்களூருக்கு வெளியே, சந்தாபுராவைத் தாண்டி ஒரு சிறிய கரட்டு மலை இருக்கிறது. இளைஞர்கள் அங்கே போவதை ட்ரெக்கிங் என்கிறார்கள், அதற்கென்று ஷூவும் தொப்பியும் வாங்குகிறார்கள். நாங்கள் மலைக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்வோம். நாங்கள் என்றால் நானும் ஃபோர்மேனும். ஃபோர்மேன் என்று நான் கூப்பிடுபவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் அந்தப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆம்பூர் பக்கத்துக்காரர். காக்ஸ் டவுனில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மகளோடு இருக்கிறார். ஞாயிறு காலையில் முதல் பஸ் பிடித்து, சந்தாபுராவில் இட்லி சாப்பிட்டு, ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, ராகிக் கொல்லைகள் வழியாக மலையடிவாரத்துக்கு நடந்து, மேலே ஏறி, பன்னிரண்டு மணிக்குள் இறங்கிவிடுவோம். ஒன்பது வருடப் பழக்கம்.

கொல்லைகளில் ராகி நின்றுபோய், அளவுக்கல் முளைத்து, பிறகு வில்லாக்கள் முளைத்தன. அதுவரை எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. எங்கள் வழி தார் ரோடாக மாறியதில் ஃபோர்மேனுக்கு சந்தோஷம்கூட. அவருடைய இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தன, மெஷின் முன்னால் நின்றே கழிந்த ஆயுளின் பலன். மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஃபோர்மேன் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

“மாத்தினப்புறம் மலையெல்லாம் ஏறக்கூடாதுன்னுட்டாரு சார். சமதரையில நடந்துக்கோன்றாரு. அதனால அதுக்கு முன்னாடி எத்தனை ஞாயித்துக்கெழம கெடைக்குதோ அத்தனையும் ஏறிடணும்.”

மலைக்கு மறுபக்கமும் வழி உண்டு. பாறையில் வெட்டிய படிகள், சில இடங்களில் படிகளும் இல்லை. ஃபோர்மேன் ஒரே ஒரு முறை அதில் போய்ப் பார்த்தார். இறங்கும்போது பாதித் தூரம் உட்கார்ந்தபடியே வந்தார். ஆக, அவருக்கு மலை என்பது இந்தப் பக்கத்துச் சரிவு மட்டும்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. போன வாரம் வரை வெறும் ரோடாக இருந்த இடத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு கேட். பக்கத்தில் ஒரு கூண்டு, கூண்டில் ஒரு காவலாளி, காவலாளியின் முன்னால் ஒரு நீள நோட்டு.

“யாரு வீட்டுக்கு சார்?” ஓசூர் பக்கத்துத் தமிழ்.

“வீட்டுக்கு இல்லை. மலைக்கு.”

“மலைக்கு கேட்டு அந்தப் பக்கம்.”

“மலைக்கு ஏதுப்பா கேட்டு?” என்றார் ஃபோர்மேன்.

“அப்ப இதுல எழுதிட்டுப் போங்க. பேரு, போன் நம்பரு, யாரப் பாக்க வந்தீங்க, எதுக்கு வந்தீங்க. எழுதினா போலாம். எனக்கு ஒண்ணுமில்ல.”

ஃபோர்மேன் அதற்குள் குனிந்து பேனாவை எடுத்திருந்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“கையெழுத்துப் போடக்கூடாது.”

“ஏன் சார், பேனா எழுதலயா? வேற தரேன்,” என்றார் காவலாளி.

இருவருக்குமாக விளக்கினேன். அனுமதி கேட்டு நடந்தவன் உரிமை கோர முடியாது. இந்த நோட்டில் கையெழுத்துப் போட்டால் நாங்கள் விருந்தாளிகள். விருந்தாளியை நாளைக்கு வராதே என்று சொல்லலாம். போடாவிட்டால் நாங்கள் பாதையின் உரிமைக்காரர்கள். நாளை கோர்ட்டில் அவர்கள் முதலில் நீட்டப்போவது இந்த நோட்டைத்தான். அதற்காகவேதான் இதை வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு என்பதெல்லாம் வெளிப்பேச்சு.

காவலாளி முழுவதையும் மரியாதையாகக் கேட்டார். பிறகு போனை எடுத்து எங்களைப் படம் பிடித்தார்.

“எதுக்குய்யா போட்டோ?” என்றேன்.

“எழுத மாட்டேன்றவங்கள எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க சார். சிரிங்க.”

திரும்பிவிட்டோம். சந்தாபுரா டீக்கடையில் ஃபோர்மேன் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். பிறகு, “ஒரு கையெழுத்துதானே சார்,” என்றார்.

“வீட்டை எழுதிக் கொடுக்கறவனும் ஒரு கையெழுத்துதான் போடறான்.”

நல்ல வாக்கியம் என்று அப்போது நினைத்தேன்.

நகாஷெ நகலுக்கு மனுப் போட்டு வாங்கினேன். எங்கள் வழி ஒற்றைப் புள்ளிக்கோடாக, எறும்பு வரிசைபோல, மூன்று சர்வே நம்பர்களைக் கடந்து மலையடியில் முடிந்தது. ஆனால் நகலை மடித்துக் கொடுத்தவர் மடிப்பு சரியாக அந்தக் கோட்டின் மேல் விழும்படி மடித்திருந்தார். தற்செயல் என்று சொல்வீர்கள். நான் பல மடிப்புகளைப் பார்த்தவன்.

ஏப்ரல் கடைசியில் தாலூகா ஆபீசுக்கு மனு எழுதினேன். கன்னடத்தில், என் கையால். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த மாநிலத்துச் சம்பளத்தில் சாப்பிட்டது. டி.டி.பி. கடைக்காரனிடம் கொடுத்துப் பிழைகளோடு வாங்குவது எனக்கு அவமானம். பொருள், பார்வை, பிரிவு எண், சர்வே எண்கள், கோரிக்கை, இணைப்புகள் எல்லாம் இரண்டு பக்கத்தில் அடங்கின. ஒப்புகைச் சீட்டில் முத்திரை விழுந்ததா என்று பார்த்துவிட்டே நகர்ந்தேன்.

மே மாதம் பதில் இல்லை. ஜூனில் நினைவூட்டல் எழுதினேன். கேஸ் ஒர்க்கர் அம்மாள், கோப்பைக் கவனிப்பவர், “மூவ் ஆகிதெ சார்” என்றார், நகர்ந்திருக்கிறதாம். எங்கே நகர்ந்தது என்று சொல்லவில்லை. அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. வில்லாக்கள், நீச்சல் குளம், சிரிக்கும் குடும்பம், கீழே கேட் வைத்த அதே வில்லா லேஅவுட்டின் பெயர். அரசாங்கச் சுவரில் அந்தக் காலண்டரை மாட்டியவர் யார் என்று நான் கேட்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அதே மாதம் இன்னொன்றும் எழுதிக்கொண்டேன். ஒரு வார நாளில் நான் தனியாக கேட் வரை போயிருந்தேன். உள்ளே அரசாங்க ஜீப் ஒன்று நின்றது. ஃபைல் வைத்திருந்த அதிகாரி ஒருவர் லேஅவுட் மேனேஜரோடு நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கையை நீட்டி நீட்டி ஏதோ சொல்ல, அதிகாரி தரையைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார். என் மனு எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்பதில் அதன்பின் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஜூலை தொடக்கத்தில் சந்தேகம் இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பார்க் பெஞ்சில் ஃபோர்மேன் என் அருகில் இருந்தார். பேன்ட்டின் கீழ் ஓரத்தில் நாயுருவி முட்கள் ஒட்டியிருந்தன. காக்ஸ் டவுனில் பாதிரியார் பங்களா, மாவு மில், மூன்று பேக்கரி எல்லாம் உண்டு. நாயுருவி கிடையாது.

“நேத்து எங்க போனீங்க?”

அவர் பேன்ட்டைப் பார்த்தார். முள்ளைப் பிடுங்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்.

“நாலு ஞாயிறா போறேன் சார்.”

“எப்படி உள்ளே விட்டான்?”

“கையெழுத்துப் போட்டேன். விட்டான்.”

நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எந்த விசாரணை அதிகாரியும் கேட்கும் முதல் கேள்வி அது. நான் நேராகத் தீர்ப்புக்குப் போனேன்.

“எதிர்த்தரப்புக்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்திருக்கீங்க.”

“எனக்கு எதிர்த்தரப்பு முட்டிதான் சார்.”

“நாலு கையெழுத்து. நான் ரெண்டு பக்கம் எழுதினதை நாலு வரியில அழிச்சுட்டீங்க. மேனேஜர் உங்களுக்கு மாலை போடலையா?”

ஃபோர்மேன் கோபப்படும் ஆள் இல்லை. டூல் ரூமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்காகப் பொறுமை காத்தவர். மீதி முட்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டார்.

“சரி சார். நீங்க படிச்சவரு. பதில் வர்ற வரைக்கும் போகல.”

போகவில்லை. நானும் போகவில்லை. மழைக்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கைச் சுற்றி நடந்தோம். அவர் ஆறு சுற்று நடந்தது நான்காகி, இரண்டாகி, தீபாவளிக்குப் பிறகு பெஞ்சோடு நின்றது. டிசம்பரில் மாடிப்படி ஏற முடியவில்லை. மகள் அவரைக் கேட்காமலே தேதி வாங்கிவிட்டாள். ஜனவரி இரண்டாம் வாரத்தில் இரண்டு முட்டியும் மாற்றப்பட்டன.

இதற்கிடையில் நான் சும்மா இருக்கவில்லை. மூன்று நினைவூட்டல்கள் எழுதினேன். கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன்: மனு யாரிடம் எத்தனை நாள் இருந்தது, ஒவ்வொருவரும் என்ன குறிப்பு எழுதினார்கள், நகல் தருக. முப்பதாவது நாள், சட்டம் அனுமதிக்கும் கடைசி நாளில், பதில் வந்தது. நேரில் வந்து கோப்பைப் பார்வையிடலாம்.

ஜனவரிக் கடைசியில் போனேன். காலண்டர் மாறியிருந்தது, லேஅவுட் மாறவில்லை. கேஸ் ஒர்க்கர் அம்மாள் கோப்பை என் பக்கம் தள்ளினார். முதல் தாளைத் திருப்பியதும் கண்ணில் பட்டது: சிறு நீர்ப்பாசனப் பிரிவுக்கு அனுப்புக.

“நீர்ப்பாசனமா? இதை அங்கே அனுப்பச் சொன்னது யார்?” என்று கன்னடத்தில் கேட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டிருக்க வேண்டும், பக்கத்து மேஜைக்காரர் டிபன் டப்பாவை மூடினார்.

அந்த அம்மாள் என் மனுவை எடுத்து, பொருள் என்ற வரியில் விரலை வைத்து, என் பக்கம் திருப்பினார். “நீங்கள்தான் சார்,” என்றார்.

காலு தாரி என்றால் கன்னடத்தில் நடைபாதை. காலுவெ என்றால் வாய்க்கால். என் அழகான கையெழுத்தில், முதல் பக்கத்தில் மூன்று இடத்திலும் இரண்டாம் பக்கத்தில் இரண்டு இடத்திலும், காலுவெ தாரி என்று இருந்தது. வாய்க்கால் வழியை ஆக்கிரமித்துவிட்டார்கள், மீட்டுத் தருக.

எப்படி நடந்தது என்பது அந்த நாற்காலியிலேயே புரிந்துவிட்டது. வீட்டில் பேசும்போது எங்களுக்கு அது எப்போதும் கால்வழி. கை கன்னடம் எழுதிக்கொண்டிருந்தது, மனம் தமிழில் கால்வழி என்றது, கை ‘கால்வ’ வரைக்கும் போய்விட்டுக் கன்னடத்துக்குத் திரும்ப முயன்று காலுவெயில் போய் விழுந்தது. கன்னடக்காரர் இந்தத் தப்பைச் செய்யமாட்டார். சென்னையிலிருந்து வந்தவர் டி.டி.பி. கடைக்குப் போயிருப்பார். மூன்று தலைமுறையாகச் சம்பளம் வாங்கியவனால்தான் இது முடியும்.

மீதிக் கோப்பையும் படித்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது, அதுதான் கஷ்டம். நீர்ப்பாசன இன்ஜினியர் ஜூனில் ஒரு முறை, செப்டம்பரில் மழை பெய்தபின் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். மேற்படி இடத்தில் வாய்க்கால் ஏதும் காணப்படவில்லை, நீர் ஓடிய தடமும் இல்லை, லேஅவுட் மேலாளரும் அப்படியே தெரிவித்தார். இளநீர் குடித்தவர் தரையைப் பார்த்துப் பார்த்துத் தேடியது என் வாய்க்காலைத்தான்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. பொருள் வரியில், காலுவெ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு சின்ன கேள்விக்குறி இருந்தது. மனு வந்த முதல் நாளே யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள். மனுவின் அடியில் என் போன் நம்பர் தெளிவாக இருக்கிறது. யார் போட்டது என்று கேட்டேன். “கொத்தில்ல சார்,” என்றார் அந்த அம்மாள். தெரியாதாம்.

ஃபோர்மேனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாள் அப்படியும் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நடைபழகிக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டார்.

“அப்ப கவர்மென்ட்டு ஒம்போது மாசமா வாய்க்கா தேடிச்சா?”

“தேடிச்சு.”

“கெடைச்சிருந்தா நல்லாருந்திருக்கும் சார். நீச்சல் அடிச்சாவது போயிருக்கலாம்.” தோள் குலுங்கச் சிரித்தார். மகள் சமையலறையிலிருந்து, “அப்பா, பிடிச்சுக்கினு சிரிங்க” என்றாள்.

பிறகு சோபாவில் மெதுவாக உட்கார்ந்து விரலால் கணக்குப் போட்டார். “ஒம்போது மாசத்துக்கு முப்பத்தொம்போது ஞாயிறு. நான் திருட்டுத்தனமா போன நாலு போக முப்பத்தஞ்சு.” குற்றம் சாட்டும் குரலே இல்லை. அளவெடுத்துச் சொல்வதுபோலச் சொன்னார். கட்டுப் போட்ட முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

ஜூலையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

“அந்த நோட்டுல என்னதான் எழுதினீங்க?”

“யாரப் பாக்கன்னு இருந்துது. மலைன்னு போட்டேன். எதுக்குன்னு இருந்துது. வழக்கம்னு போட்டேன்.”

“வழக்கம்னா?”

“வழக்கமா போறதுதானே சார். வேற இன்னா எழுதறது?”

சட்டப் புத்தகத்தில் தேடி நான் இரண்டு பக்கம் எழுதிய விஷயம் அந்த ஒற்றைச் சொல்லில் இருந்தது. அனுமதி கேட்கவில்லை, யாரையும் பார்க்க வரவில்லை, வழக்கப்படி இந்த வழியில் போகிறேன். அதுவும் எதிர்த்தரப்பின் நோட்டில், அவர்கள் கொடுத்த பேனாவில், நான்கு முறை, தேதியோடு.

மறுநாளே கேட்டுக்குப் போனேன். பழைய நோட்டு கூண்டில் கொசுவத்தி டப்பாவுக்கு அடியில் இருந்தது. நான்கு பக்கங்களையும் போனில் படம் எடுக்கக் காவலாளி மறுக்கவில்லை.

“எழுதாதவங்கள நான் எடுப்பேன், எழுதினத நீங்க எடுக்கறீங்க. நல்லாத்தான் இருக்கு சார் உங்க வேல.”

புதிய மனு எழுதினேன். இந்த முறை என் மனைவி, கன்னட மீடியத்தில் படித்தவள், எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். “இத்தனை வருஷம் ஆபீஸ்ல என்னதான் எழுதினீங்க?” என்று கேட்டுவிட்டு இன்னும் இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினாள். காலு தாரி என்ற சொல்லின் கீழ் நானே கோடு போட்டேன். பிப்ரவரியில் முத்திரை விழுந்தது. மார்ச், ஏப்ரல், மே. ஒவ்வொரு மாதமும் நேரில் போனேன். சர்வேயர் அளந்துவிட்டார் என்றார்கள், அறிக்கை வர வேண்டும் என்றார்கள். அறிக்கை வந்தது, கையெழுத்து வர வேண்டும் என்றார்கள். இதில் எது உண்மை என்று நான் இப்போது தீர்ப்புச் சொல்வதில்லை. குறிப்பேட்டில் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஜூலையில் டாக்டர் ஃபோர்மேனிடம் சமதரையில் அரை மணி நடக்கலாம் என்றார். “கேட்டுலேர்ந்து அடிவாரம் வரைக்கும் சமதரைதான் சார்,” என்றார் அவர். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு கேட்டின் முன்னால் ஆட்டோவை நிறுத்தினோம். காவலாளி நோட்டை எடுத்து வைத்தார். பதில் இன்னும் வரவில்லை. ஃபோர்மேன் பேனாவைத் தொடாமல் கைத்தடியில் இரண்டு கையையும் ஊன்றி என்னைப் பார்த்தபடி நின்றார். நான் சொன்னால் திரும்பிவிடுவார். அது எனக்குத் தெரியும்.

நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பெயர். போன் நம்பர். யாரைப் பார்க்க: மலை. எதற்காக: வழக்கம். அடியில் முழுக் கையெழுத்து, ஆபீசில் போடுவதுபோல.

“இப்ப பேனா நல்லா எழுதுதா சார்?” என்றார் காவலாளி.

ஃபோர்மேன் என் வரிக்குக் கீழே தன் வரியை எழுதினார். வில்லாக்களுக்கு நடுவே தார் ரோடு, அது முடிந்ததும் மண், அதன்பின் நாயுருவி. பதினைந்து நிமிடத்தில் அடிவாரத்தின் முதல் பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் அதன் மேல் உட்கார்ந்து தடியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு மேலே பார்த்தார்.

“நீங்க ஏறிட்டு வாங்க சார். நான் இங்க இருக்கேன்.”

நான் ஏறவில்லை. சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இருவரும் திரும்பினோம்.

பதில் அதற்கு மறுநாள் வந்தது. ஒரே தாள். நகாஷெயில் கண்டுள்ள காலு தாரி பொதுப்பாதை என்று உறுதி செய்யப்படுகிறது, நடந்து செல்வோரிடம் பெயரோ கையெழுத்தோ கேட்காமல் கேட்டைத் திறந்துவைக்க லேஅவுட்டாருக்கு உத்தரவிடப்படுகிறது. கடிதத்தில் போட்டிருந்த தேதி அதற்குப் பன்னிரண்டு நாள் முந்தையது. அந்தப் பன்னிரண்டு நாளும் அது யார் மேஜையில் இருந்தது என்று விசாரிக்க எனக்கு முறை தெரியும், ஆனால் விசாரிக்கவில்லை. உறையைப் பிரித்ததும் பழக்கம் விடவில்லை, ஓரத்தில் என் கையால் எழுதினேன்: பெறப்பட்டது, ஜூலை 14, திங்கட்கிழமை.